கல்லூரி பார்க்கப் போகிறீர்களா? எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் பள்ளி விட்டதும் ஒரு அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். மகனை ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போய்க் காட்டப் போகிறாராம். பாடப்பிரிவு பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "சார், அங்க எங்க தங்கறது? சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார். கேட்ட பிறகு, இதையெல்லாம் போய் ஹெட்மாஸ்டரிடம் கேட்கிறோமே என்று அவருக்கே கொஞ்சம் கூச்சம். எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. நின்றபடியே பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து, இறுதி வகுப்புப் பெற்றோர் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கல்லூரி பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் எப்படி இருந்தது என்று விசாரிப்பது என் வழக்கம். "பிடிக்கலை சார்" என்றால் விடமாட்டேன், ஏன் என்று தோண்டுவேன். தோண்டினால் பல பேரிடம் வெளியே வருவது கல்லூரியின் குறையே இல்லை. ராத்திரி தூக்கமில்லை, காலையில் சாப்பிடவில்லை, மத்தியானம் தலைவலி. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் பார்த்தால் எந்த நூலகமும் இருட்டாகத்தான் தெரியும். நாலு வருஷத்துக்கான முடிவை ஒரு வேளைப் பட்டினி எடுத்துவிடுகிறது.

வேறு யாரையும் சொல்வானேன், நானே இதில் கோட்டை விட்டவன்தான். சில வருஷங்களுக்கு முன் என் மகளை ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனேன். வரைபடத்தில் பார்த்து, கல்லூரியிலிருந்து 800 மீட்டரில் ஒரு லாட்ஜ் பிடித்தேன். என்னைப் போலக் கெட்டிக்காரன் உண்டா என்ற நினைப்பு வேறு. காலையில் நடந்து போனால் கல்லூரியின் பின்பக்க கேட்டில் ஒரு பெரிய பூட்டு, பூட்டின் மேல் துரு. அது திறந்தே பல வருஷம் ஆகிறது என்று எதிரே நின்றவர் சொன்னார். மதில் சுவரை ஒட்டியே சுற்றி முன்பக்க கேட்டுக்குப் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறிமுகக் கூட்டம் பாதி முடிந்திருந்தது. புதுச் செருப்பு கடித்து அவள் குதிகாலில் கொப்புளம். அன்று முழுக்க அவள் கல்லூரியைப் பார்க்கவில்லை, குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் முதல் விஷயம்: "கல்லூரிக்குப் பக்கத்தில்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தூரம் பெரும்பாலும் நேர்க்கோட்டில் அளந்தது. அதோடு, வரைபடத்தில் கல்லூரிப் பெயரை மட்டும் போட்டால் புள்ளி வளாகத்தின் நட்ட நடுவில் போய் உட்காரும். பெரிய வளாகம் என்றால் கேட்டிலிருந்து அந்த நடுவுக்கே இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். எந்த கேட் வழியாகப் பார்வையாளர்களை விடுகிறார்கள் என்று கல்லூரி அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். அந்த கேட்டின் பெயரைப் போட்டு, நடந்து போகும் வழியில் தூரம் பாருங்கள். சாதாரண நடைக்கு ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிட நடைக்குள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வண்டி வசதி நிச்சயமாக இருக்கிற இடமாகப் பாருங்கள். தூரத்தைவிட வண்டி கிடைப்பதுதான் முக்கியம்.

ரூம் போடுவதற்கு முன் கல்லூரியின் நாட்காட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பட்டமளிப்பு விழா, நுழைவுத் தேர்வு, கலைவிழா என்று ஏதாவது அந்த வாரம் இருந்தால் சுற்றுவட்டாரத்தில் ஒரு அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை இரண்டு மடங்கு. விடுமுறை நாளில் போனால் அறை சுலபமாகக் கிடைக்கும். ஆனால் வகுப்பும் நடக்காது, ஹாஸ்டலில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், மெஸ்ஸும் பேருக்குத்தான் ஓடும். காலிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? சாதாரண வேலைநாள்தான் சரி.

தங்குவதற்கு நான் முதலில் கேட்கச் சொல்வது கல்லூரியின் சொந்த விருந்தினர் இல்லத்தைத்தான். பல கல்லூரிகளில் உண்டு. பெற்றோருக்கும் கொடுப்பார்கள், ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள். இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். முன்கூட்டி ஒரு மின்னஞ்சல், கூடவே ஒரு போன். மெத்தை அப்படி இப்படித்தான் இருக்கும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வளாகம் எப்படி இருக்கிறது, விளக்கு எரிகிறதா, பிள்ளைகள் வெளியே நடக்கிறார்களா, நூலகத்தில் ஆள் இருக்கிறதா என்பதை அங்கே தங்கினால்தான் பார்க்க முடியும். பகலில் சுற்றிக் காட்டுகிறவர் அதைக் காட்டமாட்டார்.

சில இடங்களில் பிள்ளையை மட்டும் ஒரு ராத்திரி ஹாஸ்டலில், மூத்த மாணவர் ஒருவரோடு தங்க விடுவார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள், சில இடங்களில் விடவே மாட்டார்கள். வாய்ப்புக் கிடைத்து, பிள்ளைக்கும் விருப்பம் என்றால் விடுங்கள். வார்டன் நம்பரை வாங்கிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் எங்காவது தங்கிக்கொள்ளலாம். விருப்பமில்லாத பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். பிறகு ஹாஸ்டல் என்றாலே அந்த ஒரு ராத்திரிதான் ஞாபகத்துக்கு வரும்.

சொந்தக்காரர் வீடு? காசு மிச்சம், தூக்கம் செலவு. நீங்கள் வந்த சந்தோஷத்தில் பன்னிரண்டு மணி வரை பேச்சு ஓயாது. காலையில் சாப்பிடாமல் கிளம்ப விடமாட்டார்கள், சாப்பிட்டுக் கிளம்பினால் நேரமாகிவிடும். நெருங்கிய உறவு, கல்லூரிக்குப் பக்கம் என்றால் தாராளமாகத் தங்குங்கள். இல்லையென்றால் வேலையை முடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்போது பேசவும் விஷயம் இருக்கும்.

லாட்ஜ் என்றால் மூன்று கேள்வி போதும். விடியற்காலையில் வந்து இறங்கினால் அறை தருவீர்களா? மதியம் காலி செய்துவிட்டு நாங்கள் கல்லூரியில் இருக்கும்போது பையை வைத்துவிட்டுப் போகலாமா? தேதி மாறினால் கட்டிய பணம் திரும்புமா? இதில் முதல் கேள்வியில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஐந்து மணிக்கு வந்து இறங்கி, அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்று தெரிந்து, பல் தேய்க்கக்கூட இடமில்லாமல் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த கதையை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் போடாதீர்கள். குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தை செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். துரு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி என்று அர்த்தம். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை இருக்கும், கண்ணுக்கே தெரியும். வேறு அறை கேளுங்கள். கூச்சப்பட்டால் அது உங்கள் பையோடு வீட்டுக்கு வந்துவிடும். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, அவசரத்துக்கு இறங்கும் படி எந்தப் பக்கம் என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

தூக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதில் உண்மை இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி மற்றதைவிட மேலோட்டமாகவே தூங்குகிறது, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது என்று கண்டார்கள். அடுத்த இரவுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் நேர்காணலோ தேர்வோ இருந்தால், முடிந்தவரை இரண்டு ராத்திரி முன்னதாகவே போய்விடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில், அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் பொருளில், ஏறக்குறைய பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும் என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள். நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சரி, சாப்பாடு. கல்லூரிக்குப் போய் எதைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடாமல் வராதீர்கள். பார்வையாளருக்கு டோக்கன் உண்டா என்று முன்பே கேளுங்கள். வெளியில் நல்ல ஹோட்டலில் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் கல்லூரியைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் பிள்ளை வருஷக்கணக்கில் சாப்பிடப் போவது அந்த மெஸ்ஸில்தானே.

பந்திக்கு முந்து என்பார்கள். மெஸ்ஸை எடைபோட வேண்டுமானால் பிந்துங்கள் என்பேன் நான். பரிமாறத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் எல்லா மெஸ்ஸும் நல்ல மெஸ்தான். கடைசிப் பத்து நிமிடத்தில் போய் நில்லுங்கள். ஆய்வகம் முடிந்து ஓடிவரும் பையனுக்கு என்ன மிச்சமிருக்கிறது, சூடாக இருக்கிறதா, கேட்டால் இன்னொரு கரண்டி போடுகிறார்களா, முறைக்கிறார்களா என்று அப்போதுதான் தெரியும். அப்புறம், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் எச்சில் தட்டைக் கொட்டும் தொட்டி இருக்கும். அதை எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் எதைச் சாப்பிடாமல் கொட்டுகிறார்கள் என்பதை அது மறைக்காது. சுவரில் ஒட்டியிருக்கும் மெனு என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

ஒரு வேண்டுகோள். அந்த ஒரு வேளை நீங்கள் தனி மேஜையில் உட்காருங்கள். பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே படிக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் அந்த மாணவர்களும் "எல்லாம் நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றுதான் சொல்வார்கள். தனியாகக் கேட்டால்தான் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்த நாள் சாப்பாட்டுக்கு யாரும் வருவதில்லை, உடம்பு சரியில்லை என்றால் யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் வரும். பிந்திப் போய்ச் சாப்பிடுவதில் ஒரு சிக்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சமைத்த உணவு ஆறிப்போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கிருமி பெருகும். சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். தட்டில் விழும்போது ஆவி பறக்கவில்லை, தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை என்றால் பார்த்தது போதும் என்று எழுந்துவிடுங்கள். மறுநாள் நேர்காணல் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், நேர்காணல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெற்றோர், மெஸ் பொறுப்பாளரை நேரில் பார்த்தே பேச வேண்டும். "பார்த்துக்கலாம்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். பிள்ளைக்கு எந்தப் பாத்திரத்தில் சமைப்பீர்கள், எந்தக் கரண்டியில் பரிமாறுவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிகிறதா என்பதே ஒரு பதில். மற்றபடி வழியில் வெட்டித் திறந்து வைத்த பழம் வேண்டாம், தண்ணீர் கையில் இருக்கட்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் திரவம் வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாவற்றையும் கொல்லாது. அப்படியும் வயிறு கெட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதிகமாகிவிடக் கூடாது. நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

செலவு பற்றித் தயங்குகிறவர்களுக்கு: இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். எங்கே தங்கினீர்கள் என்று எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. காலையில் கிளம்பி ராத்திரி திரும்பிவிடும் தூரம் என்றால் அறையே வேண்டாம், மெஸ் டோக்கன் மட்டும் போதும். ஒரே கல்லூரிக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் வண்டிச் செலவும் குறையும், பிள்ளைகளுக்குத் துணையும் ஆகும். யார் யார் எங்கே போகிறார்கள் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுப்புக் கடிதத்தைப் போவதற்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். செய்முறைத் தேர்வு நாட்களில் மட்டும் விடுப்புக் கிடையாது. திரும்பி வந்த மறுநாள், மதிய இடைவேளையில் பிள்ளையை ஒரு பத்து நிமிடம் என் அறைக்கு அனுப்பிவையுங்கள். மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன பேசினீர்கள் என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: புதுச் செருப்பு வேண்டாம்.