நாலடிக் காணி

கன்னங்குறிச்சி, சேலம்
ஐப்பசி, மழை விட்ட ஒரு காலை

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முதல் மூன்று பக்கமும் உன் தம்பி, நில அளவையர், பிடுங்கி எறியப்பட்ட எல்லைக்கல். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து, பேரன் கதிர் நாலு மீன் வாங்கி வந்திருக்கிறான், அடித்துக்கொள்கின்றன, என்ன செய்வது என்று இரண்டு வரி. வங்கியில் முப்பது வருடம் வில்லங்கச் சான்றிதழ்களைப் புரட்டியவன் நான். நிலத் தகராறு படிக்கப் படிக்க எனக்குக் கொட்டாவிதான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. மீனைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு எழுதுகிறேன்.

இரண்டு ஆஸ்கார், ஒரு ஜாகுவார், ஒரு ஃப்ளவர்ஹார்ன். இந்த நாலும் இரண்டடித் தொட்டியில்! கடைக்காரர் போதும் என்றாராம். எனக்கும் வேறொரு கடையில் அதையேதான் சொன்னார்கள். வாங்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். நல்ல தீனி போட்டால் ஆஸ்கார் முதல் வருடம் மாதத்துக்கு ஓர் அங்குலம் வளரும். ஓர் அடியில்தான் நிதானத்துக்கு வரும். பத்துப் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருக்கும். கதிருக்கு இப்போது எட்டு வயது என்றால், அவன் கல்லூரிக்குப் போன பிறகும் நீதான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பாய்.

சிறுவயதில் மூக்கனேரி வற்றும்போது ஏரித் தரையில் தட்டுத் தட்டாகப் பள்ளங்கள் தெரியுமே, நினைவிருக்கிறதா? யானை மிதித்த தடம் என்று நீ அடித்துச் சொல்வாய். அத்தனையும் ஜிலேபி மீன் தோண்டியது. ஆண்மீன் வாயால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுப் பள்ளம் பறித்து, இது என் இடம் என்று காவல் நிற்கும். பெண் வந்து முட்டையிட்டு, அதை வாயிலேயே அடைகாக்கும். ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட அந்த மீனை 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மேட்டூர் அணை மீன் என்றால் பலருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது. கதிருடைய நாலு மீனும் அதன் சொந்தக்காரர்களே. சிக்லிட் என்ற ஒரே குடும்பம். பெரும்பாலான மீன்களுக்கு மூக்கில் பக்கத்துக்கு இரண்டு துளை இருக்கும், இவற்றுக்கு ஒன்றுதான். கதிரிடம் காட்டு, பையன் மகிழ்வான். தொண்டைக்குள் இன்னொரு தாடையும் உண்டு. தின்பதை அரைக்க அது, பிடிக்கவும் மண் அள்ளவும் சண்டைக்கும் வெளி வாய்.

என் கதையைக் கேள். ஓய்வு பெற்ற வருடம், பொழுது போகாமல், இரண்டு ஆஸ்கார் குஞ்சுகள் வாங்கினேன். ஒன்றுக்கு ராஜா, இன்னொன்றுக்கு மந்திரி என்று பெயர். ஏழெட்டு மாதம் ஒட்டிக்கொண்டு திரிந்தன. அதன் பிறகு ஒருநாள் ராஜா தொட்டியின் இடது மூலையில் கூழாங்கற்களை எல்லாம் ஒதுக்கிக் கண்ணாடி தெரியும்வரை தோண்டியிருந்தது. அடுத்த வாரம் தொட்டியில் பாதி அதனுடையது. அதற்கடுத்த வாரம் முழுவதும். மந்திரி நீர்மட்டத்தில், ஃபில்டர் குழாயின் பின்னால், வாலைக்கூட ஆட்டாமல் நின்றது. நானோ, பழகிவிடும் என்று நினைத்தேன். ஒரு கல்யாணத்துக்கு ஆத்தூர் போய் மறுநாள் திரும்பிவந்து பார்த்தால், மந்திரி மிதக்கிறது. செதில் ஒருபக்கம் முழுக்க இல்லை, ஒரு கண்ணும் இல்லை.

சரோஜா அன்று முழுவதும் ராஜாவுக்குத் தீனி போடவில்லை. கொலைகாரப் பயல் என்று திட்டினாள். எனக்கும் கோபம்தான். பிறகு யோசித்துப் பார்த்தால், அமேசான் ஆற்றில் இதே இரண்டும் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது இவ்வளவுதான்: செவுளை விரித்துக் காட்டும், வாயோடு வாய் கவ்வி இழுத்துப் பார்க்கும், பலவீனமானது துடுப்பைச் சுருக்கிக்கொண்டு நாலு கஜம் ஓடிவிடும். ஓடியதைத் துரத்திக்கொண்டு போக எவனுக்கும் வேலை இல்லை. என் தொட்டியில் மந்திரி எத்தனை தடவை தோற்றது, எத்தனை தடவை ஓடியது! ஓடிய ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் முட்டி, மறுபடி ராஜாவின் முன்னாலேயே வந்து நின்றது. தோற்றவன் போகவில்லை என்றால் ஜெயித்தவன் என்ன நினைப்பான்? இன்னும் சண்டைக்கு நிற்கிறான் என்றுதானே. மந்திரியைக் கொன்றது ராஜாவின் பல் என்றால், கண்ணாடி வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஆகவே முதல் வேலை, நாலில் மூன்றை வெளியேற்று. ஜாகுவார் நிகரகுவா நாட்டுப் பக்கத்து மீன், ஒன்றரை அடிக்கு வளரும். மற்ற மூன்றையும் தின்று தீர்க்கும். ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்ததில்லை. 1990களில் மலேசியாவில் பல சிக்லிட்டுகளைக் கலந்து உண்டாக்கியது. நெற்றிப் புடைப்புக்கும் உடம்பில் சீன எழுத்துபோல் ஓடும் புள்ளிகளுக்கும் அதிர்ஷ்டம் என்று விலை ஏற்றினார்கள். வாஸ்து என்று இங்கேயும் வாங்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் தேனீ கொட்டிய மாதிரித்தான் இருக்கிறது, உன் ரசனை வேறாக இருக்கலாம். எதுவானாலும் கடையில் திருப்பிக் கொடு, காசு போனாலும் போகட்டும். பாவம் என்று நினைத்து ஏற்காடு ஏரியில் மட்டும் விட்டுவிடாதே. வந்தேறிய மீன் ஏரியில் குடியேறினால் ஊர் மீனுக்கு என்ன ஆகும் என்பதை ஜிலேபியே காட்டிவிட்டது.

மிஞ்சும் ஓர் ஆஸ்காருக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். அதில் சுமார் 340 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்த்தால் ஒன்பது சிமென்ட் மூட்டையை ஒரே இடத்தில் அடுக்கியது போல. உன் வீட்டு மாடிப் பலகைத் தளத்தில் வைத்துவிடாதே, கீழே தங்கை சமையல் செய்துகொண்டிருப்பாள். மூடியின்மேல் கனமாக எதையாவது வை, ராத்திரியில் எம்பிக் குதிக்கும்.

இனித் தண்ணீர். இதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் நஞ்சு, கடைசியது அவ்வளவு கொடுமையில்லை, வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருக ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். நாமோ தொட்டி வந்த அன்றே மீனை விட்டுவிட்டு, பத்தாம் நாள் அது மேலே வந்து வாய் பிளக்கும்போது கடைக்காரரைத் திட்டுகிறோம்.

என் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடின நீர், காரத்தன்மை அதிகம். காரம் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். அதனால் நான் தீனியில் கை அடக்கமாக இருக்க வேண்டியிருக்கிறது. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதற்கு மருந்து கலக்க வேண்டும். உனக்கு நாகலூரில் ஊற்று நீர், குளோரின் கவலை இல்லை. மென்னீராக இருந்தால் வேறொரு சங்கடம் உண்டு: பாக்டீரியா வேலை செய்யச் செய்ய நீரிலுள்ள காரச் சத்து தீர்ந்து, ஒருநாள் திடீரென நீர் அமிலமாகிவிடும். ஃபில்டரில் ஒரு துணிப்பையில் நொறுக்கிய கிளிஞ்சல் போட்டு வை, அது மெல்லக் கரைந்து தாங்கிக்கொள்ளும்.

மலையில் குளிர் வேறு. எனக்குச் சித்திரை வெயிலில் தொட்டியைக் குளிர்விப்பது பாடு, உனக்கு மார்கழி. இந்த மீனுக்கு 25லிருந்து 28 டிகிரி வேண்டும். 400 வாட் ஹீட்டர் ஒன்று வாங்காமல் 200 வாட்டில் இரண்டு வாங்கு. ஒன்று பழுதாகி அணையாமல் ஓடினாலும் மீன் வெந்துபோகாது, ஒன்று நின்றுபோனாலும் இன்னொன்று ஓரளவு தாங்கும். ஹீட்டர்மீது துளையிட்ட பிவிசி குழாயை மாட்டு, இல்லாவிட்டால் கோபத்தில் அடித்து உடைத்துவிடும். இடி இடித்தால் உங்கள் பக்கம் மின்சாரம் போய்விடுமே, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம். ஓட்டம் நின்றால் மூச்சு முட்டுவது மீனுக்கு மட்டுமில்லை, ஃபில்டர் பஞ்சிலுள்ள பாக்டீரியாவும் சாகும்.

தீனிக்கு அதிகம் யோசிக்காதே. நல்ல குருணைத் தீனி, எப்போதாவது இறால். உயிர்மீன் போடாதே, அதோடு நோயும் வரும். உன் காப்பித் தோட்டத்து மண்புழு அமிர்தம், ஆனால் போர்டோ கலவை தெளித்த பக்கம் தோண்டாதே. அதிலுள்ள செம்பு மீனுக்கு ஆகாது.

ராஜாவைப் பற்றி ஒரு சங்கதி சொல்லாமல் விட்டேன். மந்திரி போனபின் நாலடித் தொட்டியில் தனியாக ஆண்டுகொண்டிருந்தது. தண்ணீர் மாற்றினால் அரைநாள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஊடல் செய்யும். சரோஜாவின் கொலுசுச் சத்தம் கேட்டால் எழுந்து கண்ணாடிக்கு வரும், நான் போனால் வராது. ஐந்தாம் வருடம், சமையல் மேடையில் மிச்சமான கடப்பைக் கல் ஒன்றைத் தொட்டியில் சாய்த்து வைத்திருந்தேன். ராஜா இரண்டு நாள் அதை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தக் கல்மேல் வரிசை வரிசையாக முட்டை! ஆஸ்காரில் ஆணும் பெண்ணும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்று படித்திருந்தும், ஐந்து வருடம் மீசை முறுக்காத குறையாக மகன், மகன் என்று பேசிக்கொண்டிருந்தேன். சரோஜா சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆண் இல்லாத முட்டை, மறுநாளே வெள்ளை பூத்துவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. நாலு நாள் சாப்பிடாமல் துடுப்பால் விசிறிக்கொண்டே நின்றாள். கண்ணாடி துடைக்கக் கை விட்டேன், பாய்ந்து கவ்விவிட்டாள். விரலில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஒரு வளையம். அந்தத் தொட்டியில் அவளைத் தவிர ஒரு உயிர் இல்லை, யாரிடமிருந்து காக்கிறாள் என்று சரோஜா கேட்டாள். நான் விரலுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் கல் துடைத்த மாதிரி இருந்தது, அவளே தின்றிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு முறை முட்டையிட்டாள். ஒவ்வொரு முறையும் அப்படியே.

தொட்டி வாங்கியதும் சொல். என் ஃபில்டரிலிருந்து பழைய பஞ்சு ஒன்றைத் தருகிறேன், அதிலிருக்கும் பாக்டீரியா உன் தொட்டிக்கு உறை மோர். தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துப் பையில் போட்டுத் தருவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை ஈரம் காயக்கூடாது. கதிரையும் அழைத்து வா. புதிய பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறேன், தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன்.

அளவையர் மறுபடி வரும் தேதியையும் எழுது. அன்று நானும் மலையேறி வருகிறேன். உன் தம்பி போன பொங்கலுக்கு என்னைக் கடைவீதியில் பார்த்து, அண்ணன் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டான். உன்னைத்தான் கேட்டான்.

அன்புடன்,
பழனிவேல்