புறப்படும் முன் அந்தச் சத்தத்தைப் பார்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரவு இரண்டு மணிக்கும் அறையில் லைட் எரிகிறது.

ஆடிவேல் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு காரில் வரப்போவதாக எழுதியிருக்கிறாய். சந்தோசம். ஆனால் அதே கடிதத்தின் கடைசியில், காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பொனட்டுக்குள் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது, கொழும்புக்கு வந்து பார்ப்போம் என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு கெதியாகப் பதில் எழுதுகிறேன். வந்து பார்க்க வேண்டாம், மச்சான். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட முன்னரே பார்.

என் காரிலும் போன மாதம் இதே சத்தம்தான். எஞ்சின் வேகம் கூடினால் சத்தமும் கூடும். ஏசி போட்டால் இன்னும் மோசம். முதலில் காட்டிய கராஜில் பொனட்டைத் திறந்த உடனேயே "அல்டர்னேட்டர் முடிஞ்சுது, மாத்த வேணும்" என்று சொல்லி, பெரிய தொகை ஒன்றையும் சொன்னார்கள். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்த அல்டர்னேட்டரின் பேரிங்கும் (அச்சை உராயாமல் சுற்ற விடும் குண்டு வளையம்) இப்படிச் சத்தம் போடும், அது உண்மை. ஆனால் ஒன்றையும் சோதிக்காமல் எப்படி முடிவு சொல்வது? எனக்கு மனம் ஒப்பவில்லை. காரை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்குள் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் போனேன்.

அவர் வேலை செய்த முறையைக் கட்டாயம் உனக்கு எழுத வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எஞ்சினின் புல்லிகளை (சக்கரங்களை) சுற்றி ஓடும் பெல்ட்டின் வரி வரியான பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். பெல்ட் வழுக்கிக் கத்துகிறது என்றால் தண்ணீர் பட்டதும் சத்தம் மாறும். மாறவில்லை. அடுத்து நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை அல்டர்னேட்டரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டார். அங்கே சுத்தமான ரீங்காரம் மட்டும். பெல்ட்டைத் தள்ளிப் பிடிக்கும் சின்னச் சக்கரமான ஐட்லர் புல்லியின் நடு போல்ட்டில் வைத்ததும் என்னையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அம்மியில் மணலை அரைப்பது போல ஒரு சத்தம், மச்சான். நீ செய்து பார்ப்பதென்றால் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஓடுகிற பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள்.

அதோடும் அவர் நிற்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சில விநாடிகள் மட்டும் ஸ்டார்ட் பண்ணினார். ஒரு சத்தமும் இல்லை. ஆக, குற்றம் எஞ்சினுக்குள் இல்லை, பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான். (என் காரில் பெல்ட் இல்லாவிட்டால், எஞ்சினைக் குளிர வைக்கும் வாட்டர் பம்ப் சுற்றாது. அதனால் இதைச் சில விநாடிகளுக்கு மேல் விடக்கூடாது.) பிறகு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஐட்லரில் விரலுக்கே கரகரப்புத் தெரிந்தது, பக்கவாட்டில் ஆட்டமும் இருந்தது. ஒரு விஷயம் கவனி: நல்ல ஐட்லர் உள்ளே கிரீஸ் இருப்பதால் மெதுவாகச் சுற்றிக் கெதியில் நின்றுவிடும். தட்டிவிட்டதும் நிற்காமல் வழுக்கிச் சுற்றினால் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உன் அப்பாவின் மொரிஸ் மைனரில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. ஒரு சின்ன வி பெல்ட். அது ஃபேனையும் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றும். தளர்ந்தால் டைனமோவை வெளிப்பக்கம் இழுத்து இறுக்கிவிடுவார். 1979இல் ஃபோர்ட் மஸ்டாங்கில் வந்த முறைதான் இன்று நம் சின்னக் கார்களிலும் இருக்கிறது: வரி வரியான ஒரே நீளப் பெல்ட், எல்லாப் புல்லிகளையும் வளைந்து வளைந்து சுற்றிப் போகும். ஐட்லர் தானாக ஒன்றையும் ஓட்டுவதில்லை. பெல்ட்டைத் தள்ளிப் பிடித்து, மற்றப் புல்லிகளில் அது கூடுதலாகச் சுற்றிப் பிடிக்க வழிசெய்கிறது. அளவில் சின்னது என்பதால் எஞ்சினை விட வேகமாகச் சுற்றும். எஞ்சினோடு நேராகச் சுற்றும் கிராங்க் புல்லியின் விட்டம் இதைப்போல இரண்டு மடங்கென்றால், எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுற்றும்போது இது 5000 சுற்றும். மூடிய பேரிங், உள்ளே புதிதாகக் கிரீஸ் வைக்க வழியில்லை. மழைக் காலத்தில் நம் ரோட்டுத் தண்ணீர் அடிப்பதும், எஞ்சின் சூடும், ஆண்டுக்கணக்கான ஓட்டமும் சேர்ந்தால் ரப்பர் சீல் எத்தனை நாள் தாங்கும்? ஸ்ப்ரே ஒயில் அடித்தால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கொஞ்ச நாள் அடங்கும். மிச்சமிருக்கிற கிரீஸையும் கழுவிவிடும், பெல்ட்டிலும் படும்.

எனக்குப் பயம் ஏ9 வீதிதான். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு மாங்குளம் தாண்டி வரும்போது அந்தப் பேரிங் இறுகினால், பெல்ட் தேய்ந்து அறுந்துவிடும், இல்லாவிட்டால் கழன்று விழும். முதலில் பற்றரி லைட் எரியும். ஸ்டீயரிங் பெல்ட்டில் ஓடுகிற வகையென்றால் அதுவும் இறுகும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் என்றால் சூட்டு முள் ஏறத் தொடங்கும். அப்போது 'அடுத்த ஊர் வரைக்கும் போவோம்' என்று ஓட்டினால் எஞ்சின் தலைக்குக் கீழுள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட் போய்விடும். பின்சீட்டில் அம்மா இருப்பா. இதை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. பெல்ட் போகும் வழியை முதலில் போனில் படம் எடு. பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்று. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை நீளச் சாவியால் திருப்பிப் பிடித்தால் பெல்ட் வந்துவிடும். என் ஐட்லரில் 14ஆம் நம்பர் போல்ட் ஒன்றுதான். சில எஞ்சின்களில் மரை எதிர்ப்பக்கம் திரும்பும், அதனால் கழறவில்லை என்று பலத்தைக் காட்டாமல் முதலில் அதைப் பார். வொஷரும் தூசி மூடியும் எந்த ஒழுங்கில் இருந்தனவோ அதே ஒழுங்கில் திரும்பப் போக வேண்டும். பெல்ட்டை மாட்டியதும் ஒவ்வொரு வரியும் புல்லியின் பள்ளத்தில் வடிவாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலும் புதுப் பெல்ட்டே கிழிந்துவிடும். கழற்றிய கையோடு டென்ஷனரின் புல்லியையும் சுற்றிப் பார். அதற்குள்ளும் இதே மாதிரிப் பேரிங்தான்.

சாமானை நான் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் எடுத்தேன். கழற்றிய புல்லியைக் கையோடு கொண்டுபோய் விட்டம், அகலம், பேரிங் நடுவிலா ஓரத்திலா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பழைய சாமானும் மலிவாகக் கிடைத்தது, ஆனால் பேரிங்கைப் பொறுத்தவரை பாவித்தது வேண்டாம் என்பதே என் முடிவு. அதற்குள் எவ்வளவு உயிர் மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் இருக்கிற காரையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள், ஆனாலும் வரியோடு சேர்ந்த விலையைப் பார்த்தால் எனக்கு இந்தக் கார்தான் இன்னும் பல வருடத்துக்கு. அந்தப் பாஸ் மாதிரிக் காது கொடுத்துக் கேட்டு வேலை செய்கிற ஆட்கள் எவ்வளவு பெறுமதி என்று இப்போதுதான் நன்றாக விளங்குகிறது.

அங்கே சரியான புல்லி கிடைக்காவிட்டால் காரின் மொடல், வருடம், எஞ்சின் நம்பர், பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் இலக்கம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. என்னுடையதில் 6203 என்று இருந்தது. நான் இங்கே வாங்கி, யாழ்ப்பாணம் போகிற இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். மாடி அறையை உங்களுக்கு ஒதுக்கியாயிற்று. அம்மாவுக்குப் படி ஏறுவது கஷ்டமென்றால் சொல், கீழ் அறையை ஆயத்தப்படுத்தச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்