நங்கூரம் ஏன் வியர்க்கிறது?

காரைக்குடி
நவம்பர் 14

அன்புள்ள முருகேசா,

கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. பேத்திக்குப் பல் முளைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறத்தான் தடை போட்டிருக்கிறார்கள்.

சரி, நங்கூரத்துக்கு வருகிறேன். வலையில் சிக்கி வந்ததைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு பெயிண்டும் பூசியிருக்கிறாய். அப்படியும் மழை நாளில் பெயிண்டைப் பிளந்துகொண்டு தேன் நிறத்தில் துளித்துளியாக முத்து வைக்கிறது என்கிறாய். பெயிண்ட் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே, அவர்மேல் தப்பில்லை. கடலில் கிடந்த இரும்பெல்லாம் இப்படித்தான் வியர்க்கும். அந்தத் துளியைத் தொட்டு நீல லிட்மஸ் தாளில் வைத்துப் பார், சிவப்பாகும், அவ்வளவு அமிலம்.

உப்பு பட்டால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். எந்தத் துரு உண்டாகும் என்பதிலும் உப்பில் இருக்கும் குளோரைடுக்குக் கை இருக்கிறது, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. என் வீட்டு கேட்டில் படிகிற துரு பெரும்பாலும் லெபிடோகுரோசைட், நாளாக ஆகக் கோதைட். உன்னைப் போலக் கரையை ஒட்டி இருப்பவர்கள் வீட்டு இரும்பில் மூன்றாவதாக ஒன்றும் சேரும். அதன் பெயர் அகாகனைட். ஜப்பானில் இவாத்தே மாகாணத்து அகாகனே சுரங்கத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

இதை லேபிலேயே செய்து பார்க்கலாம். பெரிக் குளோரைடை, அதாவது இரும்பின் குளோரைடு உப்பை, தண்ணீரில் கரைத்து 70 டிகிரி சூட்டில் இரண்டு நாள் விட்டால் மஞ்சள் கலந்த பழுப்பாக அடியில் படிவது அகாகனைட். அதே இரும்பைப் பெரிக் நைட்ரேட்டாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு நேரம் சூடு காட்டினாலும் அது வராது. அமிலம், காரம், சூடு இவற்றைப் பொறுத்துக் கோதைட்டோ, ஹேமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடோ வரும். லெபிடோகுரோசைட், கோதைட், அகாகனைட் மூன்றுக்கும் இரும்பு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அணுக்களின் அடுக்கில்தான் வேறுபாடு. அகாகனைட்டின் அடுக்கில் நெடுகச் சுரங்கம் மாதிரி வெற்றிடம் ஓடுகிறது. அது இடிந்து விழாமல் முட்டுக்கொடுத்து நிற்பது உள்ளே இருக்கும் குளோரைடு அயனி. புளோரைடும் அந்த வேலையைச் செய்யும், ஆனால் கடலில் குளோரைடுதானே கொட்டிக் கிடக்கிறது.

உன் நங்கூரத்துக்குள் நடப்பது இதுதான். இரும்பு கரையும்போது நேர்மின் அயனிகள் பெருகுகின்றன. அவற்றை ஈடுகட்ட வெளியிலிருந்து குளோரைடு துருவின் இடுக்கு வழியே உள்ளே போகிறது. இரும்பு அயனி தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. ஆக, உலோகத்தை ஒட்டி அமிலமும் இரும்புக் குளோரைடும் குடியிருக்கின்றன. கடலுக்குள் இருந்தவரை ஆக்சிஜன் குறைவு, அதனால் அடங்கிக் கிடந்தது. நீ வெளியே எடுத்துக் காயப்போட்டதும் காற்று உள்ளே புகுந்து, அங்கேயே, உலோகத்துக்கும் பழைய துருவுக்கும் நடுவில் அகாகனைட் வளர ஆரம்பித்துவிட்டது. அதற்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் மேலே உள்ளதைச் செதில் செதிலாகத் தள்ளுகிறது. மழைக் காற்றின் ஈரத்தை இரும்புக் குளோரைடு உறிஞ்சிக்கொண்டு கரைவதுதான் நீ பார்க்கும் தேன் துளி. பெயிண்ட் அடித்தது பானையை மூடி அடுப்பில் வைத்த கதை.

பெரிய பெரிய கப்பல்களே இதனிடம் பட்டிருக்கின்றன. 1843-இல் மிதக்கவிட்ட எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலை 1970-இல் ஃபாக்லாந்து தீவிலிருந்து பிரிஸ்டலுக்கு இழுத்து வந்தார்கள். அவ்வளவு பெரிய உடலிலிருந்து உப்பை எடுக்க முடியாது என்று, அடிப்பாகத்தைச் சுற்றியுள்ள காற்றையே காயவைத்து, ஈரப்பதத்தை 20 விழுக்காட்டு அளவில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1864-இல் மூழ்கிய ஹன்லி நீர்மூழ்கியை 2000-இல் எடுத்து, உப்பை வெளியேற்ற 2014-இலிருந்து காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டார்கள். இன்னொரு சேதி, செவ்வாயில் கேல் பள்ளத்துச் சேற்றுக்கல்லைக் கியூரியாசிட்டி வண்டி துளைத்துப் பார்த்ததில் கொஞ்சம் அகாகனைட் இருந்தது. அப்படியென்றால் அங்கே ஒரு காலத்தில் இரும்பும் குளோரைடும் கலந்த தண்ணீர் இருந்திருக்கிறது. உன் வாசலில் உதிர்கிற செதிலும் அதே சாதிதான்.

உன் தர​ங்கம்பாடியில் ஈரப்பதத்தை 20-க்குக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஊறப்போடும் வழிதான். பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடு. பிளாஸ்டிக் டிரம்மில் லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றாதே. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகாதே, பேத்தியை அந்தப் பக்கமே விடாதே. அலுமினியப் பாத்திரம் கூடாது, கரைந்துவிடும். காரத்தில் இரும்பு அரிப்பது அடங்கும், சோடாவில் உள்ள ஹைட்ராக்சைடு உள்ளே போய்க் குளோரைடை வெளியே தள்ளும். அவ்வப்போது கரைசலை மாற்று. மாற்றும்போது கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கிவிட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார். தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் இன்னும் உப்பு வருகிறது என்று அர்த்தம். அமிலம் விட மறந்தால் பழுப்பு வண்டல் வந்து உன்னைக் குழப்பும். மேலோட்டமாக ஒட்டியிருக்கும் உப்பு முதலில் வந்துவிடும், அகாகனைட்டின் அடுக்குச் சுரங்கத்துக்குள் இருப்பது சுலபத்தில் வராது. மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படாதே.

அப்புறம், அது டேனிஷ்காரர் காலத்து நங்கூரம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயாமே. அவர்கள் 1845-இல் ஊரை வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது போட்டோவில் தண்டும் கையும் சேரும் இடத்தில் வெல்டிங் பளிச்சென்று தெரிகிறது. அந்தக் காலத்தில் வெல்டிங் மெஷின் ஏதப்பா?

தை மாதம் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் வருகிறோம். இரண்டு நாள் உன் வீட்டில்தான். மனைவியிடம் சொல்லி வை, நெத்திலிக் கருவாடு மறக்க வேண்டாம்.

அன்புடன்,
சுப்பு