எளிய உரை ஏற்றுமதியும் வழு அறிக்கைகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எளிய உரையில், அதாவது வெறும் எழுத்துகளையும் குறிகளையும் மட்டும் கொண்ட கோப்பில், எழுதிய ஆவணங்களை பிடிஎஃப், ஹெச்டிஎம்எல், இபப் (மின்னூல்), சொற்செயலிக் கோப்பு ஆகிய வடிவங்களுக்கு ஏற்றுமதி செய்யும்போது நேரும் வழுக்களை நமக்குள் சொல்லிப் புலம்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தந்த மென்பொருளை உருவாக்குவோருக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அத்தீர்மானத்தின்படி நடந்தவற்றையும், நடக்க வேண்டியிருந்து நடக்காமல் போனவற்றையும் இவ்வறிக்கையில் வைக்கிறேன். வழுக்களின் வரிசை எண்ணும் நாளும் பதிவேட்டில் இருக்கின்றன. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பார்வையிடலாம்.

தொடக்க மாதங்களில் செயலாளரிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை "பிடிஎஃப் சரியாக வரவில்லை" என்ற ஒற்றை வரியாகவே இருந்தன. எந்த மாற்றி (ஒரு வடிவக் கோப்பை இன்னொரு வடிவமாக்கும் நிரல்), எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, எதை எதிர்பார்த்தார், எது வந்தது என்பவற்றில் ஒன்றும் அவ்வரியில் இராது. கேட்டு எழுதினால் பதில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் அவர் கோப்பையே திருத்திவிட்டிருப்பார், வழுவும் மறைந்துவிட்டிருக்கும். ஆகவே, இவ்விவரங்களும் வழுவைக் காட்டும் ஒரு சிறு கோப்பும் இல்லாத புகாரைப் பதிவேட்டில் ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. இது கடுமையான விதி என்று சிலர் வருந்தியதை நான் அறிவேன். ஆயினும் இவ்விதி வந்த பின்னரே நம் அறிக்கைகளுக்கு விடை வரத் தொடங்கியது என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டு நாம் அதிக நேரம் செலவிட்டது, ஒரு குறை யாருடையது என்று கண்டறிவதில்தான். தலைப்பு, தடிப்பு முதலியவற்றை எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில் எழுதிய ஒரு பக்கம் பிடிஎஃப் ஆகும் முன் பல கைகளைக் கடக்கிறது. பேன்டாக் போன்ற மாற்றி முதலில் உரையைப் படித்து, தலைப்பு, பத்தி, பட்டியல் என்ற உறுப்புகளைக் கொண்ட ஓர் உள்மரமாக ஆக்குகிறது. பிறகு அம்மரத்திலிருந்து, பக்க அமைப்புக்கான குறிமொழியாகிய லேடெக்கில் ஒரு கோப்பை எழுதுகிறது. அதை எக்ஸ்ஈலேடெக் அல்லது லுவாலேடெக் இயந்திரம் பக்கங்களாக அடுக்குகிறது. எழுத்துரு தன் வடிவங்களைத் தருகிறது. இறுதியில் பிடிஎஃப் படிப்பான் அதைத் திரையில் காட்டுகிறது. குறை இவற்றில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் பழி எப்போதும் மாற்றியின் மேலேயே விழுகிறது, பயனர் கையால் இயக்குவது அது ஒன்றைத்தான் என்பதால். இதற்கு நாம் கைக்கொண்ட வழி எளியது. மாற்றியிடம் பிடிஎஃப் கேட்பதற்குப் பதிலாக லேடெக் கோப்பை மட்டும் கேட்டுப் பெற்று, அந்த இடைநிலைக் கோப்பைத் திறந்து பார்ப்பது. அதில் உரை சரியாக இருந்தால் மாற்றிக்கு அறிக்கை அனுப்ப வேண்டியதில்லை. அதிலேயே பிழையிருந்தால், உள்மரத்தை அப்படியே அச்சிடச் சொல்லிப் பார்த்து, படிக்கும் பகுதி தவறியதா, எழுதும் பகுதி தவறியதா என்று பிரிக்கலாம். இந்த ஒரு பழக்கத்தால் பதிவேட்டில் இருந்த வழுக்களில் கணிசமானவை நாமே நீக்கிக்கொள்ளக்கூடியவையாக மாறிவிட்டன.

எடுத்துக்காட்டாக, தமிழ் எழுத்துகள் வரவேண்டிய இடமெல்லாம் வெற்றிடமாக வந்த ஒரு பிடிஎஃப் குறித்து நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. இடைநிலைக் கோப்பில் தமிழ் முழுமையாக இருந்தது. தமிழ் வடிவங்களே இல்லாத இயல்பிருப்பு எழுத்துருவை அதை அனுப்பிய உறுப்பினர் மாற்றாமல் விட்டிருந்தார். எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இல்லை என்பதை இயந்திரம் தன் பதிவுக் கோப்பில் வரிவரியாக எச்சரித்திருந்தது. அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இன்னொருவருக்கு ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே நில்லாமல் பின்னே போய் நின்றது. லுவாலேடெக்கில் எழுத்தை வடிவமைக்கும் நிரலை ஹார்ஃப்பஸ் என்று மாற்றி, எழுத்து முறை தமிழ் என்று குறித்ததும் கொம்பு தன் இடத்துக்குத் திரும்பியது. மூன்றாமவருக்கு ஒரு வரியின் பின்பாதி காணாமல் போனது. அவர் லேடெக் துண்டு ஒன்றை உரைக்குள் நேரடியாக எழுதியிருந்தார். அதில் ஒரு சதவீதக் குறி இருந்தது. லேடெக்கில் அக்குறிக்குப் பின் அவ்வரியில் வரும் அனைத்தும் குறிப்புரை என்று ஒதுக்கப்படும். நேரடித் துண்டைத் தொடாமல் கடத்துவதே மாற்றியின் வேலையாதலால், அது தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. இம்மூன்றையும் வழு என்று அனுப்பியிருந்தால், நமக்கு அடுத்து வரும் மெய்யான அறிக்கையையும் மென்பொருளை உருவாக்குவோர் ஐயத்தோடுதான் படித்திருப்பார்கள்.

தமிழில் எழுதுவோர் அனைவரையும் தொடும் ஒரு சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வரும். நூலின் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் இட்டு, "இல்", "ஐ", "க்கு" ஆகியவற்றை இயல்பான எழுத்தில் ஒட்ட விரும்புவது நியாயமானதே. ஆனால் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் எளிய உரை ஆவணங்களை எழுதவும் ஏற்றுமதி செய்யவும் உதவும் ஆர்க் மோடில், தடிப்பை முடிக்கும் விண்மீன் குறிக்கு அடுத்து இடைவெளியோ நிறுத்தற்குறியோ வரவேண்டும். ஓர் எழுத்து வந்துவிட்டால் அது தடிப்பாகக் கொள்ளப்படாமல், விண்மீன்கள் அப்படியே அச்சில் வந்து நிற்கும். இதை வழு என்று எழுத நாங்கள் முனைந்தபோது, அதன் கையேடே இந்நிலையைச் சொல்லி, இடையே அகலமற்ற இடைவெளிக் குறியை இடுமாறு வழி காட்டியிருப்பதைக் கண்டோம். மார்க்டவுனில் கதை வேறு. 2004இல் மார்க்டவுன் வெளிவந்தபோது அதற்குத் துல்லியமான இலக்கண வரையறை இருக்கவில்லை. 2014இல் வெளிவந்த காமன்மார்க் என்ற வரையறை அக்குறையைப் போக்க முயன்றது. அவ்வரையறையின்படி சொல்லோடு உருபு ஒட்டினாலும் விண்மீன் தடிப்பு வேலை செய்யும். ஆனால் மேற்கோள் குறிகளோடு சேர்த்து நூற்பெயரைத் தடிப்பாக்கி, முடிவு விண்மீன்களை ஒட்டியே உருபை எழுதினால் தடிப்பு முறிந்துவிடும். விண்மீனுக்கு முன் நிறுத்தற்குறியும் பின் எழுத்தும் இருந்தால் அதனால் தடிப்பை மூட முடியாது என்பது விதி. சீன, ஜப்பானிய, கொரிய மொழியினரும் இதே இடத்தில் இடறி, இதை எழுப்பியிருக்கிறார்கள். கொரிய மொழியிலும் நம்மைப் போலவே பெயரோடு உருபு ஒட்டுகிறது என்பதால் அவர்களது எடுத்துக்காட்டுகள் நமக்கு மிகவும் பழக்கப்பட்டவையாகத் தோன்றின. இங்கே மாற்றியில் பிழையில்லை. அது விதியைப் பின்பற்றுகிறது. வரையறையில்தான் நம் மொழி கணக்கில் வரவில்லை. எனவே தமிழ் எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து, வரையறை பேசப்படும் இடத்திலேயே வைப்பதெனத் தீர்மானித்தோம். தொகுப்பு முடிந்துவிட்டது, இன்னும் வைக்கவில்லை. அத்தாமதம் முழுவதும் என்னுடையது. அதுவரை விண்மீன்களை மேற்கோள் குறிகளுக்கு உள்ளே வைத்தால் தப்பலாம்.

சொற்செயலிக் கோப்புகளில் தமிழ் மட்டும் தடிக்காமல் ஆங்கிலச் சொற்கள் தடித்து வருவது பற்றியும் பேசினோம். ஓடிடி என்ற சொற்செயலிக் கோப்பு வடிவத்தில், நம் எழுத்து போன்ற சிக்கலான எழுத்து முறைகளுக்கான தடிப்பு தனிப் பண்பாகக் குறிக்கப்படுகிறது. ஏற்றுமதி ஆங்கிலம் போன்றவற்றுக்கான பண்பை மட்டும் எழுதியிருந்தால் அது மெய்யான வழு, தயங்காமல் தெரிவிக்கலாம்.

திரைப்பிடிப்பை (திரையின் படத்தை) மட்டும் அனுப்பும் பழக்கத்தை உறுப்பினர்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விளைவைக் காட்டப் படம் உதவும். காரணம் கோப்பில்தான் இருக்கும். ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்ற இரு குறியீடுகளாகவும் இடலாம். யூனிகோடு இவ்விரண்டையும் நிகரென்று வைத்திருந்தாலும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இவை வேறு வேறு. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகர எழுத்தும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும். உட்தலைப்புக்கான இணைப்பு வேலை செய்யவில்லை, தேடினால் சொல் கிடைக்கவில்லை என்ற புகார்களுக்குப் பின்னால் இவையே அடிக்கடி இருந்தன. படத்தில் இவ்வேறுபாடு தெரியவே தெரியாது. உரையை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினாலும் மேற்கோள் குறிகள் வளைந்துவிடக்கூடும், தாவல் இடைவெளிகள் மாறிவிடக்கூடும். கோப்பைச் சுருக்கி இணைப்பாக அனுப்புவதே பாதுகாப்பானது.

சிறு கோப்பு எப்படி ஆக்குவது என்று கேட்போருக்கு: கோப்பின் படியை எடுத்து, பாதியை நீக்கி ஏற்றுமதி செய்து, வழு எஞ்சியிருக்கும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் பாதியாக்க வேண்டும். ஆயிரம் வரிகள் பத்து முறைக்குள் ஒரு வரிக்கு வந்துவிடும். பெரும்பாலும் அந்த ஒற்றை வரியைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிடுகிறது. அறிக்கை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்தவர்கள் நம்மில் பலர்.

ஆர்க் மோட் பயன்படுத்துவோர் தங்கள் தனி அமைப்புகள் ஏதும் ஏற்றப்படாத ஈமேக்ஸில் ஒருமுறை சோதித்த பின்பே வழுவைப் பதிய வேண்டும். ஈமேக்ஸோடு வரும் ஆர்க் பதிப்பும், தனியே நிறுவிய புதிய பதிப்பும் கலந்து ஏறியதால் ஏற்றுமதி முறிந்த நேர்வு இவ்வாண்டும் வந்தது. வழு அறிக்கைக்கென ஆர்க் மோடிலேயே இருக்கும் கட்டளை, பதிப்பு எண்ணோடு பயனரின் அமைப்புகளையும் திரட்டி இணைத்துவிடுவதால், அனுப்பும் முன் அதைப் படித்துப் பார்ப்பது நல்லது. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் சார்பில் சென்ற ஓர் அறிக்கையில், சோதனைக் கோப்பென்று இணைக்கப்பட்டது உறுப்பினர்களின் தொலைபேசி எண்களோடு கூடிய கூட்டக் குறிப்பாக இருந்துவிட்டது. உடனே நீக்கக் கோரினோம், நீக்கிவிட்டார்கள். அன்றுமுதல் சோதனைக் கோப்பில் பொருளற்ற உரை மட்டுமே இடம்பெற வேண்டும் என்பது விதி.

வழுவைக் கண்டுபிடித்தால் பரிசு உண்டாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். லேடெக்குக்கு அடித்தளமான டெக் நிரலை 1978இல் வெளியிட்ட டொனால்டு நூத், அதில் பிழை கண்டோருக்கு 2.56 டாலரில் தொடங்கிப் பின்னர் 327.68 டாலர் வரை உயர்த்திய பரிசை வைத்திருப்பது உண்மையே. 2.56 டாலர் என்பது 256 சென்ட்; பதினாறடிமான முறையில் 256ஐ 100 என்று எழுதுவதால் அது ஒரு டாலர் என்பது அவரது நகைச்சுவை. ஆனால் டெக்குக்கான அப்பரிசு அதன் மூல நிரலுக்கு மட்டும் உரியது. நம் பிடிஎஃப் சிதைவுகளுக்கு அங்கே பரிசு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

அனுப்பிய அறிக்கைகளில் சில திருத்தப்பட்டுள்ளன. சில, முன்பே பதிவானவை என்று காட்டி மூடப்பட்டன. தேடிப் பார்க்காமல் அனுப்பியது நம் குறை. சிலவற்றுக்கு இன்னும் பதில் இல்லை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவற்றை மீண்டும் சோதித்து, வழு நீடிக்கிறதா என்று அதே பதிவின் கீழ் ஒரு வரி எழுதும் பொறுப்பை ஏற்க இருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் இக்கூட்டத்திலேயே கொடுக்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். சோதனைக் கோப்புகளைப் பொறுமையோடு பாதி பாதியாக வெட்டித் தந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்