டாக்டர் முத்துலட்சுமி சட்டசபைக்கு எடுத்துச் சென்றவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவர்கள் அரசியலுக்கு வருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு செலவில் படித்துவிட்டு நோயாளிகளைக் கைவிடுகிறார்கள், ஒரு மருத்துவக் கல்லூரி இடம் வீணாகிறது என்று கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போகிறவர் ஆஸ்பத்திரியிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டபோது, வைத்தியம் பார்ப்பது தடைப்படுமே என்று முதலில் தயங்கியிருக்கிறார். சரி, அவர் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லைதான். ஆனால் உறுப்பினர்கள் அவரையே சபையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு வயதுத் திருமணத்தைத் தடுக்க வேண்டும், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனைப் பிரிவு வேண்டும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கி விடுவதை நிறுத்த வேண்டும் என்று அங்கே வாதாடினார். தேவதாசிக் குடும்பத்துத் தாய்க்குப் பிறந்தவர் என்பதால் அந்தக் கொடுமை அவருக்குச் சொந்த வீட்டு விஷயம்.

காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகினார். அது பெரிய தியாகம், மறுக்கவில்லை. இருந்தாலும், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த மசோதா 1947இல்தானே சட்டமானது? அவர் சபையிலேயே இருந்து போராடியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. சபையில் ஒரு நல்ல மருத்துவர் இல்லாமல் போவதும் இழப்புதான் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். முதல் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு எச்.பி., அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, ஏழுதான் இருக்கும்; கடும் ரத்தசோகை. சத்து மாத்திரை கொடுப்போம், ஊசி போடுவோம். வயதைக் கேட்டால் கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு பத்தொன்பது என்பார். அந்தப் பெண் தலையைத் தூக்க மாட்டாள். ரத்தசோகைக்கு எங்களிடம் மருந்து இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்ததற்கும், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவதற்கும் நாங்கள் என்ன மருந்து கொடுக்க முடியும்? அதற்குச் சட்டம் வேண்டும், பணம் வேண்டும். இன்று ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் மகப்பேறு உதவித் தொகை முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் இருக்கிறது. 6,000 ரூபாயாக இருந்தது 12,000 ஆகி, அப்புறம் 18,000 ஆனது. ஒவ்வொரு முறை உயர்த்தியதும் அரசியல் முடிவுதான். எந்த டாக்டரும் சீட்டில் எழுதித் தர முடியாத மருந்து அது.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று சுவரொட்டியில் போட்டுக்கொண்டு, ஜெயித்த பிறகு சுகாதாரத்தைப் பற்றி வாயே திறக்காதவர்கள் மீது எனக்கும் கோபம் இருக்கிறது. அவர்கள் இரண்டு வேலையையும் விட்டவர்கள். அதற்காக வருகிற எல்லோரையும் பழிக்க வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் சமயத்தில் மருத்துவர் வேட்பாளர்களைப் பேட்டி எடுக்கும்போது, உங்கள் தொகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு ஒருத்தி வந்தால் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.