கோட்டைத் தாண்டிய பந்து

தோஹா,
21.6.2024, வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் இங்கே சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. கேட்காத பாதிக்கும் நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுகிறீர்கள். முப்பது வருஷம் படகு இன்ஜினுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய காது, அதைக் குறை சொல்லி என்ன பண்ண? அதனால்தான் தாளில் எழுதுகிறேன். சின்னத்துறைக்காரர் ஒருவர் அடுத்த வாரம் லீவில் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

வெயில் எப்படி என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெளிவேலை செய்யக் கூடாது என்று இங்கே சட்டம். அதனால் இருட்டோடு நாலரைக்கே சாரத்தில் ஏறுகிறோம். பத்து மணிக்கு இறங்கி, சனையா என்கிற தொழிற்பேட்டையில் உள்ள ரூமுக்கு வந்து குளித்தால் பைப்பில் வருவதே வெந்நீர். காலையிலேயே ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்தால்தான் பிழைத்தோம். இரும்புக் குழாயைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. ரூமில் ஆறு பேர், சமையல் முறை வைத்து. மீன் குழம்பு மட்டும் என் பொறுப்பு. நேபாளத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், முதல் நாள் என் குழம்பைத் தின்று கண்ணீர் விட்டான். இப்போது அவனுக்கு அது இல்லாமல் முடியாது. மரச்சீனிக் கிழங்கும் கிடைக்கிறது. விலையை அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன கேட்டீர்கள்? "அந்தத் தோத்த கூட்டத்தைப் பாக்கவா மக்கா காசு குடுத்துப் போன?" அது போகட்டும். அதற்குப் பிறகு அம்மா போனை வாங்கிச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்து, தம்பியைப் புட்பால் பயிற்சிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாமே. "இந்தியா டீமே இந்த லட்சணம், நீ உதைத்து என்ன கிழிக்கப் போற" என்றீர்களாம்.

அப்பா, கத்தாரோடு இந்தியா ஆடிய அந்தப் புட்பால் ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். 11-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, ஜாசிம் பின் ஹமத் மைதானம். சாயங்கால ஷிப்டை ஒருத்தனிடம் மாற்றிக்கொண்டு, நேபாளத்துப் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள், என் குழம்புக்காக வந்தான். ஐந்து நாளுக்கு முன்னால்தான் நம்ம கேப்டன் சுனில் சேத்ரி கொல்கத்தாவில் கடைசி ஆட்டம் ஆடி விடைபெற்றிருந்தார். அவர் இல்லாத முதல் ஆட்டம் இது. ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்றாம் சுற்றுக்குப் போவோம், அது இதுவரை நாம் எட்டிப் பார்க்காத படி. 37-ஆம் நிமிடம் நம்ம சாங்டே கோல் அடித்தார். பக்கத்தில் இருந்த மலையாளிச் சேட்டன் என்னைத் தூக்கி இறக்கினார், முன்பின் தெரியாத மனிதர். எழுபது நிமிடம் தாண்டியும் 1-0.

அப்புறம் 73-ஆம் நிமிடம். கத்தார்க்காரர் தலையால் முட்டிய பந்தை நம்ம கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்துவிட்டார். பந்து அவரைத் தாண்டி உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. நம்மாட்கள் இனி கார்னர் கிக்தான் என்று நின்றுவிட்டார்கள். கத்தார்க்காரர் ஒருவர் வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துவிட்டார், இன்னொருவர் தட்டி வலைக்குள் போட்டார். ரெப்ரி கோல் என்று கையைக் காட்டினார். போனில் திரும்பப் பார்த்தேன்: கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே புல் தெரிகிறது. நம்ம கடற்கரையில் செருப்பைக் குத்திவைத்து ஆடுகிற பயல்கள்கூட அந்தக் கோலைக் கொடுக்க மாட்டார்கள். வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வசதி அந்தச் சுற்றில் கிடையாது. 85-ல் இன்னொன்று விழுந்தது. 2-1. முடிந்தது.

அந்தக் கோலைப் பற்றிப் பேப்பரில் எழுதினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். பிறகு ஆரம்பித்தது: மானம் போனது, உயிரில்லாத கூட்டம், வியர்வை சிந்தத் தெரியாதவர்கள். அப்படி ஒரு நாள் மத்தியானம் ஏசி ரூமில் படுத்துக்கொண்டு போனில் ஒரு டிவி விவாதம் பார்த்தேன். நாலு பேர், நாலு பேரும் கோட்டு சூட்டு போட்டவர்கள். ஒருத்தர் சாங்டேயின் பேரையே தப்பாகச் சொன்னார். அவர் சொல்கிறார் இவர்களுக்கு ஆசையே இல்லை என்று. கிரிக்கெட்டுக்கு நடுவில் வருஷம் முழுக்க ஒரு நிமிடம் ஒதுக்காதவர்கள், தோற்ற ராத்திரி மட்டும் மேக்கப் போட்டு வந்து உட்காருகிறார்கள்.

திட்ட வேண்டாம் என்கிறேனா? நான் திட்டாத திட்டா? ஜனவரியில் ஆசியக் கோப்பை இங்கேதான் நடந்தது. ஆஸ்திரேலியாவோடு 0-2, உஸ்பெகிஸ்தானோடு 0-3, சிரியாவோடு 0-1. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் சொந்த மண்ணில், குவாஹாட்டியில், ஆப்கானிஸ்தானிடம் தோற்றோம். அதை எழுதட்டும், சூடாகவே எழுதட்டும். ஆனால் ஆசியக் கோப்பைக்கு முன்னால் டிசம்பர் கடைசி வரை லீக் ஆட்டம் ஓடியதையும், டீம் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி எடுக்க இரண்டு வாரம்தான் கிடைத்ததையும் அதே சூட்டோடு எழுத வேண்டுமே. ஆஸ்திரேலியாவை முதல் பாதி முழுக்க கோல் இல்லாமல் நிறுத்தினார்கள், நான் அங்கே இருந்தேன். அதை எந்தக் கோட்டுக்காரரும் சொல்லவில்லை. போன வருஷம் ஜூலையில் பெங்களூரில் தெற்காசிய நாடுகளின் சாஃப் கோப்பையை ஜெயித்து உலகத் தரவரிசையில் நூறுக்குள் வந்தபோது இதே வாய்கள் சிங்கம் புலி என்றன. இந்த 17-ஆம் தேதி கோச் ஸ்டிமாக்கையும் அனுப்பிவிட்டார்கள். இனி எல்லாப் பழியும் அவர் பெட்டியில் போய்விடும்.

உங்களுக்குக் கோபம் வராது என்றால் ஒன்று சொல்கிறேன். திருவிழா டோர்னமெண்ட் பைனலில் நீங்கள் நம்ம வலைக்குள்ளேயே அடித்த சேம் சைடு கோல். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இருந்தாலும் எனக்கு அது நேரில் பார்த்த மாதிரி தெரியும், ஏனென்றால் நான் டீக்கடைக்குப் பால் வாங்கப் போன நாளெல்லாம் யாராவது சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தர்கூட மணலில் ஓடினவர் இல்லை. நீங்கள் அந்த ஆட்டத்தில் நகம் பெயர்ந்த காலோடு ஆடினீர்கள் என்பதை அம்மா சொல்லித்தான் தெரியும்.

இன்னொன்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நீங்கள் கடலுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. டிவியில் ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எச்சரிக்கையை மதிக்காமல் போனார்கள் என்றார். அம்மா எழுந்து போய் வயரையே பிடுங்கிவிட்டாள். நீங்கள் மகாராஷ்டிரத்தில் தேவ்கட் கரையேறி போன் பண்ணும் வரை அந்த வயரை யாரும் திரும்ப மாட்டவில்லை. கரையில் நின்றுகொண்டு பேசுகிறவன் பேச்சை அன்று முதல் நீங்கள் மதித்ததில்லை. இப்போது மட்டும் ஏன் மதிக்கிறீர்கள்?

2019-ல் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பையில் நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியச் சட்டையோடு இறங்கியபோது, அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு வைத்து டிவி காட்டியது நீங்கள்தானே. அந்த ராத்திரி தம்பி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஜூலை 31 வரை போட்டெல்லாம் கரையில்தான், நீங்களும் வீட்டில்தான். அவனைச் சாயங்காலம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். மணலில் இடது காலால் உதைக்கச் சொல்லுங்கள், அவனுக்கு இடது கால் சுத்தமாக வராது. அதை யாரும் பேப்பரில் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

மாசப் பணம் நேற்று போட்டுவிட்டேன். அதில் அம்மாவின் முட்டுவலி எண்ணெய்க்குத் தனியாகச் சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாள் மடித்து வைத்திருக்கிறேன். தம்பியை அதில் கால் வைத்து நிற்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் வரைந்து வாங்குங்கள். இரண்டு காலும் வேண்டும், அவனுக்கு வலது கால் கொஞ்சம் பெரிது. வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், அளவு மாறிவிடும். சின்னத்துறைக்காரர் திரும்பும்போது அவர் கையில் கொடுங்கள். இங்கே ஒரு கடையில் நல்ல பூட் பார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்