பாரிஸில் 10 மணி, லண்டனில் 10.20

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய நகரங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். லண்டன் - பாரிஸ் சுமார் 345 கிலோமீட்டர், 1 மணி 20 நிமிடம். கணக்கு சரிதான், ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பினால் அரை நாள் போய்விடும்.

செங்கோட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலை, படிப்பு என்று ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் போயிருப்பதால் அவர்களைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாவும் கடைக்கு வருகிறார்கள். பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பி 10.20க்கு லண்டனில் இறங்கும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "அண்ணாச்சி, இருபது நிமிசத்துல எப்படிப் போவான்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். லண்டன் கடிகாரம் பாரிஸை விட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, திரும்பி வரும்போது அதே விமானம் 2 மணி 20 நிமிடம் எடுப்பது போலத் தெரியும். இதற்கு உங்கள் பட்டியலில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

அப்புறம், மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற விமானம் 345 கிலோமீட்டரை அரை மணியில் தாண்ட வேண்டாமா என்று படிக்கிற பையன்கள் கேட்கிறார்கள். விமானம் மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்குமே பாதி நேரம் போய்விடும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் கணக்கில் சேரும். புளியரை வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் போகிற எங்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை, வரைபடத்தில் அடுத்த வீடு மாதிரி இருக்கும் ஊர், முன்னால் ஒரு லோடு லாரி மாட்டினால் மூன்று மணி நேரம்.

ரயிலை நீங்கள் விட்டதுதான் பெரிய குறை. லண்டன் செயின்ட் பாங்க்ரஸில் ஏறினால் கடலுக்கு அடியில் போகும் யூரோஸ்டார் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸ் ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும். அதற்கும் முன்கூட்டியே போய் பாஸ்போர்ட் சோதனைக்கு நிற்கத்தான் வேண்டும், ஆனாலும் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து, அந்தப் பக்கம் இறங்கி மறுபடி ஊருக்குள் வருவதற்கு இது எவ்வளவோ தேவலாம். மாட்ரிட் - பார்சிலோனாவும் அப்படித்தான், 2008 முதல் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். பிரான்ஸ் 2023இல் ஒரு படி மேலே போய், பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு ஊர்களான லியோன், நான்ட், போர்டோவுக்கு ரயிலிலேயே இரண்டரை மணிக்குள் போய்விடலாம் என்று விமானத்தையே நிறுத்திவிட்டது.

விமான நிலையத்தின் பெயரையும் போடுங்கள். மலிவு டிக்கெட்டில் பிராங்பேர்ட் ஹான் என்று இருக்கும், அது பிராங்பேர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரிஸ் போவே என்றால் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை பஸ்காரனுக்குக் கொடுக்க வேண்டியதுதான், ராத்திரி இறங்கினால் இன்னும் மோசம்.

இன்னொன்று, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து "பக்கத்துல தானே" என்று லண்டன் போக முடியாது, அதற்குத் தனி விசா வேண்டும். அடுத்த முறை பட்டியல் போடும்போது ரயில் நேரம், விமான நிலையத்தின் பெயர், ஊருக்குள் போக ஆகும் நேரம், விசா ஆகிய நாலையும் சேர்த்துப் போடுங்கள், இடம் போதாவிட்டால் கோபுரப் படங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

- ஒரு வாசகர், செங்கோட்டை